பதினான்கும் பதினைந்தும்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மூன்று முறை படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பதற்காக, புரிந்ததை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திவிடு.

விபத்து நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. பழுது பார்த்த லிஃப்ட்டை ஓட்டிப் பார்க்கும்போது அது நிற்காமல் இறங்கி, பதினாறு வருடம் என் மகனோடு சேர்ந்து வேலை செய்த நெட்டையர் இறந்துபோனார். அந்த லிஃப்ட்டுக்குப் புதுப் பிரேக்கை மாட்டியவன் என் மகன். நான்கு நட்டையும் முழுக்க முடுக்கினேனா இல்லையா என்று அவனுக்கு நினைவு வரவில்லை. அன்றிலிருந்து அறையை விட்டு வருவதில்லை. மூன்று நாளாகச் சாப்பிடவும் இல்லை. 'என் கவனக்குறைவுதான் காரணம்' என்று தட்டச்சு செய்த தாளை நிறுவனத்தார் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மார்ச் இருபதாம் தேதி விசாரணை. அதில் கையெழுத்துப் போட்டால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் போடுவேன் என்கிறான்.

போனில் பேச வேண்டாம், சுவர் மெல்லியது, அவருக்குக் கேட்கும் என்று எழுதியிருக்கிறாய். சரி. உன் தையல்கூட முகவரிக்கே எழுதுகிறேன். நேரில் வரவும் வேண்டாம், 'அப்பா வந்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்' என்று அவன் சொன்னான் என்கிறாய். அதுவும் சரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

இத்துடன் ஒரு பந்து அனுப்புகிறேன். இந்த நேரத்தில் விளையாட்டுச் சாமானா என்று உனக்குக் கோபம் வரலாம். வந்தால் நியாயம்தான்.

சட்டத்துக்குள் எண் வில்லைகளை நகர்த்தி வரிசையாக்கும் விளையாட்டு உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஓர் இடம் காலியாக இருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். அதை ஓர் உருண்டையின்மேல் செய்ய ஐந்து வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். நாற்பது வருடம் வரைபட அலுவலகத்தில் உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் படுக்கவைத்தவன், ஓய்வுக்குப் பிறகு அதைத் திருப்பிச் செய்து பார்க்கிறேன் என்று வைத்துக்கொள். சதுர வில்லை உதவவில்லை. உருண்டையின் இடுப்பில் கச்சிதமாக உட்காரும் சதுரம் மேலே ஏற ஏறத் தோள் முட்டி நின்றுவிடுகிறது. ஆகவே வட்ட வில்லை, கோட்டுப் பித்தான் அளவு. மூன்று வளையம், வளையத்துக்கு எட்டுக் குழி, மொத்தம் இருபத்து நான்கு. வில்லைகள் இருபத்து மூன்று. ஒரு குழி காலி. குழிக்குக் குழி போகும் தடத்தில் வில்லை நகரும், கழன்று விழாது. பந்தைக் கடைந்து கொடுத்தவர் எங்கள் தெருக் கடைசல்காரர். எண்கள் நான் எழுதியவை. நடு வளையத்தில் இடைவெளி கொஞ்சம் அதிகம், அழகாக இல்லை. மன்னிக்க வேண்டும்.

இதற்கு முன் செய்த ஆறு பந்தும் சரியாக வரவில்லை. உருப்படியாக வந்தது இது ஒன்றுதான். அவன் கை சும்மா இருக்கக் கூடாது. சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதுகூட ஏதாவது ஒரு திருகாணியைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பான். நான் அனுப்பினேன் என்று சொல்லாதே. தபால் நிலையம் மூட அரை மணிதான் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா

*

பிப்ரவரி 17

மாமாவுக்கு வணக்கம்.

பந்து வந்தது. நான் அனுப்பினேன் என்று சொல்லாதே என்றால் எப்படி மாமா? பொட்டலத்தைப் பிரித்ததுமே, "இது அப்பாவோட ஏழு" என்றார். வரைபட அலுவலகத்து ஏழுக்கு மட்டும் வயிற்றில் ஒரு கோடு இருக்குமாமே.

ஆனால் தூக்கி எறியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வில்லையை நகர்த்தினார். பிறகு இன்னொன்று. மாலையில் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டார். ஒரு கையால். மற்ற கையில் பந்து. "வயசான காலத்துல எனக்கு ஒரு சக்களத்தியை அனுப்பி வச்சிருக்கார் உங்க அப்பா" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இருபத்தாறு நாளில் இதுதான் முதல் தடவை.

தையல்கூடத்தில் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது எங்கள் மேற்பார்வை அம்மா கேட்டாங்க: "யாரும்மா இவ்வளவு அழகா முகவரி எழுதறது?" மாமனார் என்றேன். "என் மாமனார் ஒரு சீட்டு எழுதினதில்லை. போன் பண்ணி இருமுவார், அவ்வளவுதான்" என்றாங்க. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

தாள் அவர் மேசையில்தான் இருக்கிறது. பேனாவை அதன்மேல் வைத்திருக்கிறார். தினமும் பெருக்கும்போது பேனாவை எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மறுநாள் அது திரும்பத் தாளின்மேல் இருக்கிறது.

மருமகள்

*

பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

'சாப்பிட்டார்' என்று நீ எழுதிய வரியை என் நோட்டில் தேதி போட்டுப் படியெடுத்துக்கொண்டேன். வேறு எதையும் இன்று எழுதத் தெரியவில்லை. வில்லைகளைப் போடுவதற்காக வைத்த மேல் மூடியை வச்சிரப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், கழன்றுவிடுமோ என்று அவன் பயப்பட வேண்டாம். எல்லாம் வரிசைக்கு வந்ததும், மூடியில் இருக்கும் சிவப்புப் புள்ளிக்கு நேர் கீழே, அடி வளையத்தின் கடைசிக் குழி காலியாக இருக்க வேண்டும். அதுதான் முடிவு. முடித்தால் சொல்.

மாமா

*

பிப்ரவரி 26

மாமா,

இருபத்து மூன்றில் இருபத்தொன்று உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் இடம் மாறி நிற்கிறது. முந்தாநாள் இருபத்திரண்டும் இருபத்து மூன்றும். கலைத்துத் திரும்ப அடுக்கினார். நேற்று பதினான்கும் பதினைந்தும். எந்த வழியாகப் போனாலும் கடைசியில் ஒரு ஜோடி முறைத்துக்கொண்டு நிற்கிறது, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி.

நேற்று நெட்டையரின் வீட்டுக்காரம்மா வந்தாங்க. நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து உட்காரவில்லை. அறை வாசலில் நின்றபடியே சொன்னாங்க:

"தம்பி, உன்னைத் திட்ட வரலை. என் வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு எனக்குத் தெரியணும். நீ பண்ணியிருந்தா பண்ணேன்னு சொல்லு. பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லு. தெரியாமலே ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு என்னை ஏமாத்திடாதே. அப்புறம் நான் காலம் பூரா யாரைக் கேப்பேன்?"

இவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவங்க போனபின் என்னிடம் சொன்னார்: "இதை அடுக்கிட்டேன்னா என் கை சரியாத்தான் இருக்குன்னு அர்த்தம். கையெழுத்துப் போட மாட்டேன். அடுக்க முடியலைன்னா அன்னைக்கும் நான்தான்."

மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு மனுஷன் உயிரை, இன்னொரு மனுஷன் வாழ்க்கையை, எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தப் பந்தின்மேல் கட்டிவைத்துவிட்டார். ஏதாவது சூட்சுமம் இருந்தால் எழுதுங்கள். நானே கண்டுபிடித்த மாதிரி மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மருமகள்

*

மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சூட்சுமம் என்று தனியாக ஒன்றும் இல்லை. அவசரப்படாமல் செய்யச் சொல். மேல் வளையத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. பிறகு நடு வளையம். எல்லாம் பொறுமைதான்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான்தான். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

மாமா

பி.கு.: மூடியைத் திறக்க அவன் முயன்றானா? சும்மா கேட்டேன்.

*

மார்ச் 6

மாமா,

பொறுமை என்று எழுதினீர்கள். அதை நான் அவரிடம் படித்துக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று நாள் ராப்பகலாக உட்கார்ந்தார். விரல் நுனி தோல் உரிந்துவிட்டது. எட்டு முறை கடைசி வரைக்கும் போனார். எட்டு முறையும் ஒரு ஜோடி. நேற்றுக் காலை பந்தைச் சுவரில் எறிந்தார். பந்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுவரில்தான் பள்ளம். கடைசல்காரர் நல்ல மரமாகத்தான் கொடுத்திருக்கிறார்.

பிறகு மாடிக்குப் போனார். உச்சி வெயில். நான் பின்னாலேயே போனேன். கைப்பிடிச் சுவர் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் என்ன ஆகுமோ என்று தெரியவில்லை. கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. "இதோ, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க, மடிக்கணும்" என்றேன், தினமும் சொல்வது மாதிரி. குரல் எப்படி வந்ததோ. அவர் திரும்பி வந்து பிடித்தார். இரண்டு பேரும் ஒரு புடவையை மடித்தோம். பிறகு இன்னொன்றை. கொடியில் இருந்த எல்லாவற்றையும் மடித்தோம். அப்படியே பேசிப் பேசிக் கீழே கூட்டிவந்தேன்.

மாடிக் கதவின் சாவி இப்போது என் தையல் பெட்டியில் இருக்கிறது. இதை எழுதும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

"பொறுமையா பண்ணா வரும்னு அப்பா சொல்லிட்டார். எனக்கு வரலை. அப்ப முடிவு தெரிஞ்சு போச்சு" என்கிறார். இருபதாம் தேதி போடப்போகிற கையெழுத்தைப் பழைய காகிதத்தில் போட்டுப் பார்க்கிறார் மாமா. கை நடுங்காமல் வருகிறதா என்று.

மருமகள்

*

மார்ச் 8, விரைவுத் தபால்

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை நான் மார்ச் ஒன்றாம் தேதியே எழுதியிருக்க வேண்டும்.

பந்தில் தவறு இருக்கிறது. அந்தத் தவறைச் செய்தவன் நான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, உன் கடிதம் வந்தபோது பந்தின் வேலை முடிந்திருந்தது. பதினான்காம் வில்லை மட்டும் இறுக்கமாக நகர்ந்தது. மூடியைக் கழற்றி, ஏழு வில்லைகளை வெளியே எடுத்து, தடத்தில் மெழுகு தடவித் திரும்பப் போட்டேன். போட்டபின் எப்போதும் மூன்று முறை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். அன்று 'மூன்று நாளாகச் சாப்பிடவில்லை' என்ற உன் வரி கண்ணை விட்டுப் போகவில்லை. தபால் மூடிவிடும் என்ற பதற்றம் வேறு. எண்ணவில்லை. மூடி ஒட்டிக் கலைத்துப் பொட்டலம் கட்டிவிட்டேன். எடுத்த வரிசையையும் போட்ட வரிசையையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இல்லை. பதினான்கின் இடத்தில் பதினைந்தும், பதினைந்தின் இடத்தில் பதினான்கும் போயிருக்கின்றன.

அப்படி ஒரு ஜோடி மாறிய பந்தை எத்தனை வருடம் நகர்த்தினாலும் யாராலும் அடுக்க முடியாது. அவன் எட்டு முறை கடைசி வரை போயிருக்கிறான். அதற்கு மேல் ஒரு மனிதனால் போக முடியாது. அவன் கையில் எந்தக் குறையும் இல்லை.

'ஒரு ஜோடி' என்று உன் கடிதத்தில் படித்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. நோட்டை எடுத்துப் பார்க்கக்கூட ஒரு நாள் தள்ளிப்போட்டேன். பார்த்தபின் பொறுமை என்று உனக்கு எழுதினேன். உண்மையைச் சொன்னால் பந்தைக் கீழே வைத்துவிடுவான், சாப்பாடும் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி பயம். ஒன்றே ஒன்று உருப்படியாகச் செய்தேன், அதுவும் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பொய்தான் அவனை மாடிக்கு அனுப்பியிருக்கிறது.

இதை அப்படியே அவனிடம் படித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

மாமா

*

மார்ச் 12

மாமா,

ஒரு வரியும் விடாமல் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"ஆரம்பிச்சிட்டாரா? எப்படா பழி விழும், ஓடிப்போய் தலையில வாங்கிக்கலாம்னு இருப்பார். இது அவருக்குப் பழக்கம். அந்தப் பந்து சரியாத்தான் இருக்கு. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றார்."

நான் இல்லவே இல்லை என்று வாதாடினேன். அப்போதுதான், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு முறையும் சொல்லாததைச் சொன்னார். அவருக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறைக்கு உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாராம். ஆறு மாதமாக நீங்கள் வரைந்துகொண்டிருந்த பெரிய தாளின்மேல் மை கொட்டிக் கிடந்ததாம். மேலதிகாரி வந்து கத்தியதும் நீங்கள் எழுந்து, "நான்தான் சார், என் கை பட்டுடுச்சு" என்றீர்களாம். உங்களுக்கு வரவேண்டிய பதவி வேறு ஒருவருக்குப் போனதாம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னால் மாற்ற முடியாது:

"புள்ளைக்காக அப்பா தியாகம் பண்ணார்னு இன்னைக்கு வரைக்கும் சொந்தக்காரங்க சொல்றாங்க. மையை நான் கொட்டலை. ஜன்னல் பக்கம் நின்னு வெளியில பாத்துட்டிருந்தேன். நீ கொட்டினியாடான்னு அவர் ஒரு தடவை கேட்டிருந்தா, நான் இல்லைப்பான்னு சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லை. நான்தான்னு அவரே முடிவு பண்ணி, அவரே மன்னிச்சிட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டு முப்பத்தஞ்சு வருஷமா சுத்திட்டிருக்கேன். இப்ப இன்னொரு தடவை மன்னிக்க வரார். வேணாம்னு எழுது."

மாமா, கோபப்படாதீர்கள். நீங்கள் எழுத்து கோணலானதற்கு மன்னிப்புக் கேட்கிறவர். எங்கள் ஊரில் மழை பெய்தால் அதற்கும் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறவர். நிஜமாகவே தப்பு செய்துவிட்டு வந்து நின்றால் உங்களை யார் நம்புவது? எனக்கே பாதி நம்பிக்கைதான் இருக்கிறது. எனக்காவது சொல்லுங்கள், பந்தில் தப்பு இருக்கிறதா, இல்லை அவருக்காகச் சொல்கிறீர்களா?

இன்னும் எட்டு நாள்தான்.

மருமகள்

*

மார்ச் 14, விரைவுத் தபால்

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் மை.

அவன் இல்லை என்றால் யார் என்று நேற்று முழுதும் யோசித்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். புட்டியின் மூடியைத் திருகி வைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. மகனுக்காகச் சொல்கிற பொய் என்று நினைத்து நான் சொன்னது வெறும் உண்மையாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் நான் எதையும் தியாகம் செய்யவில்லை. ஒரு குழந்தையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, அவனைக் காப்பாற்றிய பெருமையையும் எடுத்துக்கொண்டேன்.

அன்று கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறேன். அவனிடம் இதைக் காட்டு: நீ கொட்டினாயா? பதிலை அவன் கையால் எழுதட்டும். எப்போது முடியுமோ அப்போது.

இனிப் பந்து. என் சொல்லை அவன் நம்ப வேண்டாம், நீயும் நம்ப வேண்டாம். எண்ணினால் போதும்.

மூன்று டம்ளரை வரிசையாக வை. ஒரு தடவைக்கு ஏதாவது இரண்டை மட்டும் இடம் மாற்றலாம். இரண்டு தடவை மாற்றிப் பார், நான்கு தடவை, ஆறு தடவை, எவ்வளவு வேண்டுமானாலும், ஆனால் இரட்டைப்படையாக. முடிவில் மூன்றும் தன் இடத்தில் இருக்கும், அல்லது மூன்றுமே இடம் மாறியிருக்கும். ஒன்று சரியாக இருந்து மற்ற இரண்டு மட்டும் மாறி நிற்பது வரவே வராது. ஒரு ஜோடி மட்டும் மாற வேண்டுமானால் ஒற்றைப்படை வேண்டும். இருபத்து மூன்று வில்லைக்கும் இதே கணக்குதான்: ஒரு வில்லை நகர்வது என்றால் அதுவும் காலி இடமும் ஒரு தடவை மாறிக்கொள்வது.

இப்போது பந்தை எடுக்கட்டும். காலிக் குழி சிவப்புப் புள்ளிக்குக் கீழே இருக்கும்போது தொடங்கி, எப்படி வேண்டுமானாலும் நகர்த்தட்டும். ஒரு வில்லை ஒரு குழி நகர்ந்தால் ஒரு கோடு. காலிக் குழி மறுபடி புள்ளிக்குக் கீழே வரும்போது கோடுகளை எண்ணுங்கள். இரட்டைப்படையாகத்தான் இருக்கும். குழிகளுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி நிறம் பூசியதாக நினைத்துக்கொள். காலிக் குழி ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறும், தன் வீட்டு நிறத்துக்குத் திரும்ப இரட்டைப்படை நகர்வு வேண்டும். வளையத்தை முழுச் சுற்று சுற்றி வந்தாலும் எட்டுதான். ஒரே ஒரு முறை ஒற்றைப்படை வந்தாலும் நான் சொன்னது எல்லாம் பொய். தாராளமாகக் கையெழுத்துப் போடட்டும்.

இரட்டைப்படையாகவே வந்தால், ஒரு ஜோடி மாறிய பந்தை நகர்த்தி நகர்த்திச் சரியாக்க வழியே இல்லை. அது அவன் கைக்கு வரும்போதே மாறியிருந்தது. பிறகு மூடியை அறுத்துத் திறக்கட்டும். பந்து போனால் போகட்டும்.

வளையத்துக்கு ஒன்பது குழி வைத்திருந்தால் இந்தக் கணக்கே உடைந்து, எப்படி மாறினாலும் அடுக்க வந்திருக்கும். வட்டத்தை எட்டாக வகுப்பது சுலபம் என்று எட்டு வைத்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை.

மாமா

*

மார்ச் 20, மாலை

மாமா,

உங்கள் கடிதம் பதினேழாம் தேதி கிடைத்தது. கொடுத்தேன். தொடவில்லை. சரி என்று நானே மூன்று டம்ளரை மேசையில் வைத்து, வேண்டுமென்றே சத்தம் வர மாற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"தப்பாப் பண்றே. இதோட அஞ்சு தடவை ஆச்சு."

"நாலுதான்."

"அஞ்சு. நகரு."

உட்கார்ந்தார். அரை மணி நேரம் டம்ளர். பிறகு பந்தை எடுத்துவரச் சொன்னார்.

அவர் நகர்த்த, நான் மேசைமேல் கோடு போட்டேன், துணிக்குப் போடுகிற சாக்குக்கட்டியால், ஐந்து ஐந்தாக. காலிக் குழி புள்ளிக்குக் கீழே வந்தது. எண்ணினேன். இருநூற்றுப் பதினேழு.

திரும்ப எண்ணினேன். இருநூற்றுப் பதினேழு. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒத்தையா?" என்றார். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு உங்கள் 'பொறுமை' ஞாபகம் வந்தது. "ஒத்தைதான்" என்றேன்.

மேசைமேல் இருந்த கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, "இல்லை. நடுவுல ஒரு இடத்துல ரெண்டு வில்லையை ஒரே தள்ளாத் தள்ளினேன். நீ ஒரு கோடுதான் போட்டே" என்றார்.

"நிஜமாவா? எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. என் கைக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கைக்குத் தெரியும் என்று அவர் சொல்லி ஐம்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது மாமா. அதன்பின் ஒரு தள்ளுக்கு ஒன்றாக, சத்தமாகச் சொல்லி எண்ணினோம். பதினெட்டு. நாற்பத்து நான்கு. நூற்றிரண்டு. மேசை முழுக்கக் கோடு. மறுநாள் பட்டறை ரம்பத்தை எடுத்து மூடியை அறுத்தார்.

இன்று விசாரணை. தாளை நீட்டினார்கள். இவர் பேனாவை வாங்கவில்லை. "நாலு நட்டையும் முடுக்கினேன்னு என் கை சொல்லுது. ஆனா என் கையை நம்பி நீங்க எழுத வேணாம். அந்தப் பிரேக் பெட்டி செஞ்ச இடத்துலயே சீல் வச்சு வந்தது, நான் திறக்காமத்தான் மாட்டினேன். அன்னையிலிருந்து அதை யாரும் திறக்கலை. எல்லார் முன்னாடியும் திறந்து, உள்ள என்ன எங்க இருக்குன்னு எண்ணுங்க. நான் முடுக்கின நட்டையும் சேர்த்து எண்ணுங்க. தப்பு என்னுதுன்னா அப்பக் கையெழுத்துப் போடறேன்" என்றார். மேலாளர், இதெல்லாம் தேவையில்லாத தாமதம் என்றார். பின்வரிசையில் இருந்து நெட்டையரின் வீட்டுக்காரம்மா எழுந்தாங்க. "திறங்க" என்றாங்க. அந்த ஒரு வார்த்தைதான்.

இருபத்தேழாம் தேதி திறக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ. எனக்குப் பயம் போகவில்லை. மாடிச் சாவி இன்னும் என் தையல் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் இன்று மதியம் இரண்டு கையாலும் சாப்பிட்டார். அதாவது ஒரு கையால் தன் தட்டில் இருந்ததை, இன்னொரு கையால் என் தட்டில் இருந்ததையும்.

மறுபக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். நான் படிக்கவில்லை.

மருமகள்

*

அப்பா,

பதினொரு தடவை எண்ணினோம். எல்லாம் இரட்டை.

மூடியை அறுத்துப் பதினான்கையும் பதினைந்தையும் மாற்றிப் போட்டேன். நன்றாகக் கலைத்துவிட்டு அடுக்கினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மூடி போய்விட்டது. அடுத்ததற்கு ஒன்பது குழி வையுங்கள். வட்டத்தை ஒன்பதாக வகுக்க என்னிடம் கருவி இருக்கிறது. மூடியை ஒட்டாதீர்கள், திருகு போடுங்கள், திறந்து பார்க்க வசதியாக.

பந்தில் தப்பு உங்களுடையதுதான்.

மையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

நான் இல்லை.